உலை வைக்கச் சொல்லும் ஹாரன்

சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் இழுக்கும் அந்த டீசல் இன்ஜினுக்கு இப்போது டிரைவர் கிடையாது; கம்ப்யூட்டரில் தானாக ஓடுகிறது. பதினெட்டு வருஷம் அருளப்பன் ஓட்டியதைப் பார்த்தே அது ஓடப் பழகியிருந்தது. சோற்றுக்கு உலை வைக்கச் சொல்லி, கம்பெனி குவார்ட்டர்ஸின் பின்பக்கம் போகும்போது பெண்சாதி செசிலிக்காக அவர் இரண்டுதரம் வெட்டி, ஒருதரம் நீட்டி அடிக்கும் ஹாரனையும் சேர்த்தே பழகியிருந்தது. அவர் செத்த பிறகும் அது விடவில்லை.

வீட்டைக் காலி பண்ணிவிட்ட செசிலி, அதைக் கேட்கத் தினமும் பஸ் ஏறி வந்தாள்.

"பிள்ள தூக்கம் கெடுதுன்னு எழுதிக் குடுத்துட்டோம்க்கா," என்றாள் புதிதாகக் குடிவந்தவள். "நாளையிலேர்ந்து அடிக்காதாம்."

ஹாரன் கேட்டது. செசிலி வேலியைப் பிடித்துக்கொண்டு, ஆளில்லாத இன்ஜினைப் பார்த்துக் கத்தினாள்.

"உலை வச்சாச்சுங்க! போயிட்டு வாங்க!"