பதினொரு சதவீதம்

ஸ்பெயின் நாட்டின் ஹயேன் மலைச்சரிவில், எண்ணெய் ஆலை முற்றத்தில் நவம்பர் வெயில் சாய்ந்து விழுகிறது. யூஃப்ராசியோவின் டிரெய்லரில் ஆலிவ் காய்கள் குண்டு குண்டாக, மெழுகு பூசியதுபோல மின்னுகின்றன. பின்னால் நிற்கும் டிராக்டர்காரர் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார். "யோவ், இது ஆலிவா, பிளம்ஸா? மரத்துக்குப் பால் ஊத்துனியா?" யூஃப்ராசியோவின் கண் பரிசோதனை அறையின் சின்ன ஜன்னலைவிட்டு நகரவில்லை. காயில் இருபது சதவீதம் எண்ணெய் இருந்தால் தோப்பு பிழைக்கும். இல்லையென்றால் மரங்களைப் பிடுங்கிவிட்டு சோலார் தகடு நடும் கம்பெனிக்கு நிலம் போகும். அவனும் அக்காவும் பேசி வைத்த முடிவு அது. ஜன்னல் திறக்கிறது. நீளும் சீட்டை அக்கா குஸ்டோடியா வாங்குகிறாள். "பதினொண்ணு." ஒரு காயை எடுத்துக் கட்டைவிரலால் நசுக்குகிறாள். வழவழப்பே இல்லாமல் வெறும் நீர் மணிக்கட்டுவரை ஓடுகிறது. "கிணத்துத் தண்ணிய எப்படா தொறந்த?" "பறிக்கிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிக்கா. காயெல்லாம் சுருங்கிக் கெடந்துச்சு, பாக்கச் சகிக்கல." "காயில எண்ணெய் கட்டுற ஆகஸ்ட்ல தொறக்கலியா?" "கிணறு வத்திடுமோன்னு மூடி வச்சிருந்தேன்." "தவிச்சப்ப ஒரு சொட்டு குடுக்கல, கடைசில குளிப்பாட்டியிருக்க. பொணத்துக்குப் பண்ற மாதிரி." டிரெய்லர் சாய்கிறது. காய்கள் கடகடவென்று ஆலையின் குழிக்குள் உருள்கின்றன. குஸ்டோடியா கம்பெனியின் நம்பரை போனில் தேடுகிறாள். யூஃப்ராசியோ தரையைப் பார்த்தபடி கேட்கிறான். "இன்னும் ஒரு தடவ தண்ணி விடட்டுமாக்கா?" "இனிமே எதுக்குடா?" "மண்ணு ஈரமா இருந்தா, புடுங்குறப்ப வேர் சுலபமா வந்துரும்."