பொட்டு வைக்காத டிவி

"டிவிக்குள்ள பொட்டு வைக்கக் கூடாதாம். இந்த வருஷமும் தாஹிர் சொல்லிட்டான்!"

ஆயுத பூஜை அன்னைக்குக் காலையிலயே தமிழ்செல்வன் என் வீட்டு வாசல்ல வந்து கத்தினான். சந்தனம் குழைச்சுக்கிட்டிருந்த என் பெண்டாட்டி மாரிசெல்வி அப்படியே நிமிர்ந்து பார்த்தா.

"வெளிப்பக்கம் வச்சுக்கோங்கன்னுதானலே சொல்லுதான்?"ன்னு நான் கேட்டேன்.

"பெட்டிக்குப் பொட்டு வைக்க அதென்ன ட்ரங்குப் பெட்டியா அண்ணாச்சி? மிஷின்னா ஓடுற பாகத்துக்குத்தான் பொட்டு. இன்னைக்குத் தாராவியில ஓட்டைத் தையல் மிஷினுக்குக்கூடப் பொட்டு உண்டு. நம்ம வரிசை வீட்டுச் சால் மன்றத்து டிவிக்குக் கெடையாது. ஏன்? சாவி அவன் கையில. அவன் வேற ஆளு! இன்னைக்குச் சாவிய வாங்குறோம், இனிமே டிவி பக்கம் அவன் வரவே கூடாது. செக்ரட்டரி நீங்க. முடியாதுன்னா சொல்லிருங்க!"

எனக்குச் சுருக்குன்னுச்சு.

அந்த டிவியைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிருதேன். சொல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவு பெருமை. பக்கத்துல சயான்ல ஒரு லாட்ஜை மூடினப்போ வாங்கினது. பீரோ அகலம். உள்ள ஒரு பல்பு எரியும், அந்த வெளிச்சம்தான் திரையில படமா விழும். பல்புக்கு ஆயுசு நாலாயிரம் மணி நேரம்னு கூட வந்த புஸ்தகத்துல போட்டிருக்கு. எங்க பல்பு எட்டாயிரத்தைத் தாண்டிருச்சு! தூரத்துல முலுண்ட்ல இருந்தெல்லாம் ஆள் வந்து பார்த்துட்டு வாயைப் பொளந்துட்டுப் போயிருக்காங்க. "எங்க மன்றம்னா சும்மாவா?"ன்னு நான் மீசையை முறுக்கிக்குவேன்.

முறுக்குறது நான். பார்த்துக்கிறது தாஹிர். நைன்ட்டி ஃபீட் ரோட்டுல மொபைல் ரிப்பேர் கடை வச்சிருக்கான், மேலப்பாளையத்துக்காரன். அவன் போடுற சட்டம் இருக்கே, அப்பப்பா!

"செவத்தோட ஒட்டி வைக்காதீங்க, சூடு வெளிய போகணும்."

"விளம்பரம் வந்தா அணைக்கிறதும் போடுறதுமா இருக்காதீங்க. ஒவ்வொரு தடவை பத்துறப்பவும் பல்புக்கு ஆயுசு கொறையுது."

"அணைச்சாலும் ஃபேன் நிக்குற வரைக்கும் பிளக்கைப் பிடுங்காதீங்க."

சனிக்கிழமையானா உக்காந்து தூசி எடுப்பான். பின்பக்கக் கதவுக்குப் பூட்டும் அவனே போட்டான்.

பட்டு வந்த புத்தின்னுதான் நாங்க நினைச்சோம். டிவி வந்த மொத வருஷம் ஆயுத பூஜையை ஜோரா நடத்தினோம். நாலாம் நாளே 'டப்'புன்னு பல்பு வெடிச்சுது. "நான்தான் ஃபேன் நிக்குறதுக்குள்ள பிளக்கைப் பிடுங்கிட்டேன்"னு தாஹிர் ஒத்துக்கிட்டான். மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்க வச்சோம். அதுல அதிகம் குதிச்சது நான்தான். புதுப் பல்பையும் அவனே வாங்கிப் போட்டான். அதுதான் இன்னைக்கு வரைக்கும் எரியுது.

சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு மன்றத்து ஹாலுக்குப் போனேன். சாலே திரண்டு நின்னுச்சு. தாஹிர் டிவிக்கு முன்னாடி நின்னான்.

"சாவியைக் குடு தாஹிர்."

"வேண்டாம் அண்ணாச்சி."

"பொட்டு வச்சா உனக்கு என்னலே கொறைஞ்சு போச்சு? பத்து வருஷமா எங்ககூட இருந்தும் உனக்கு ஒட்டலையா?"

அவன் மொகம் சுண்டிப் போச்சு. சாவியை எடுத்து நீட்டினான்.

"நீங்க மட்டும் தொறங்க. மத்தவங்க வெளிய நிக்கட்டும்."

"அரே, அதென்ன ரகசியம்?"ன்னு தமிழ்செல்வன் எகிறினான். தாஹிரைத் தவிர எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு டிவியோட பின்கதவைத் தொறந்தேன்.

உள்ள ஒரு பொட்டுத் தூசி இல்ல. கீழ் மூலையில சின்னதா ஒரு தகர டப்பா. தொறந்தா, உடைஞ்ச கண்ணாடித் துண்டு. அதுல வட்டமா ஒரு கருப்புக் கறை. உத்துப் பார்த்தா விரல் ரேகை.

"என்னலே இது?"

"மொதப் பல்போட கண்ணாடி. கையில இருக்குற எண்ணெய்ப் பிசுக்கு பட்டாலே அந்த எடம் மட்டும் சூடேறி வெடிச்சிரும் அண்ணாச்சி. இதுல சந்தனமே பட்டிருக்கு."

மொத வருஷம், உசுரு இருக்குற எடத்துலதான் வைக்கணும்னு பின்கதவைத் தொறந்து பல்பு மேலயே பொட்டு வச்சது நான். வச்சதையே மறந்துட்டேன்.

"அப்போ நீ பிளக்கைப் பிடுங்கலையா?"

"இல்ல."

"பொறவு ஏம்லே ஒத்துக்கிட்ட? என்னைக் காப்பாத்தவா?"

தாஹிர் சிரிச்சான்.

"உங்களை இல்ல அண்ணாச்சி. உண்மையைச் சொன்னா, பொட்டு வச்சதாலதான் வெடிச்சுதுன்னு ஆளாளுக்குப் பேசுவாங்க. நல்ல நாளும் அதுவுமா வச்ச பொட்டுக்கு அந்தப் பேர் வரலாமா?"

"இந்தத் துண்டைத் தூக்கி எறிஞ்சிருக்கலாம்லா?"

"பொட்டு வச்ச துண்டு. குப்பையில போட மனசு வரல."

கதவைப் பூட்டிட்டு, தாஹிரையும் கூட்டிக்கிட்டுக் கிண்ணத்தோட வெளிய வந்தேன்.

"வச்சாச்சா அண்ணாச்சி?" தமிழ்செல்வன் ஓடி வந்தான்.

"மொதப் பல்பை வெடிக்க வச்சது தாஹிர் இல்லலே, நான். பல்பு மேலயே பொட்டு வச்ச முட்டாள் நான்தான். பொட்டு மேல குத்தமில்ல, வச்ச எடம்தான் தப்பு. அந்தப் பழியைச் சுமந்துக்கிட்டு ஒன்பது வருஷமா நம்ம பல்பையும் காப்பாத்தியிருக்கான், நம்ம பொட்டையும் காப்பாத்தியிருக்கான். நீ சொன்னது சரிதாம்லே, அவன் வேற ஆளுதான்!"



சந்தனத்தைத் தொட்டேன். அந்தச் சாவிக்குப் பொட்டு வச்சு, தாஹிர் கையிலயே குடுத்தேன்.