குளக்கட்டில் ஒரு பெண் பார்க்கும் படலம்

"கொக்கு பார்க்கப் போறதுக்கு யாராவது பட்டுச் சாரி உடுத்துவாங்களாம்மா?"

வேனின் பின் சீட்டில் இருந்த ஷிரானி தாழ்ந்த குரலில் கேட்டாள். அம்மா மரிய கொறற்றி சாரி மடிப்பை நீவிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

வேனை ஓட்டியவன் ஷியாம். கொழும்பில் வேலை, லீவில் வந்திருந்தான். பக்கத்தில் அவனுடைய அப்பா நோபர்ட். மாத்தளைக் கோயிலில் அம்மாவோடு பாடகர் குழுவில் பாடுகிறவர்.

"நாலந்தா கெடிகே கற்கோயிலும் பறவைகள் சரணாலயமும் பார்க்கப் போறாங்களாம், நம்மளயும் வரச் சொன்னாங்க" என்று அம்மா சொன்னபோது ஷிரானி நம்பிவிட்டாள். காலையில் அம்மா கண்ணாடி முன்னால் நின்ற நேரத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. பெண் பார்க்கிற வேலை!

அப்பா இறந்ததிலிருந்து வந்த வரன்களையெல்லாம் ஷிரானி தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தாள். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனமில்லை. அதனால்தான் அம்மா இப்படி ஏமாற்றிக் கூட்டி வந்திருக்கிறாள் போல.

பலாபத்வலயைக் கடக்கும்போது நோபர்ட் திரும்பினார். "அந்தா, நீலக் கேட். அதுதான் வீடு. இவன் கொழும்புக்குப் போனப்புறம் நானும் நாயுந்தான்."

ஷிரானி மரியாதைக்குத் தலையாட்டி வைத்தாள்.

நாலந்தாவில் இறங்கிய பிறகுதான் குழப்பம் தொடங்கியது. மாப்பிள்ளை அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கற்கோயிலைச் சுற்றி வரும்போது அம்மாவோடுதான் ஒட்டிக்கொண்டு நடந்தான்.

"அன்ட்டிக்கு சீனி வருத்தம், பிரஷர் ஏதும் இருக்கா?"

"கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் இல்ல தம்பி."

"சட்டுன்னு கோபம் வருமா?"

அம்மா சிரித்தாள். ஷிரானிக்குச் சிரிப்பு வரவில்லை. பெண் பார்க்க வந்தவன் பெண்ணின் அம்மாவுக்குக் கோபம் வருமா என்று எதற்குக் கேட்கிறான்?

நோபர்ட்டோ ஷிரானியின் பக்கத்தை விட்டு நகரவில்லை.

"இது முந்தி கீழ, பள்ளத்துல இருந்திச்சு மகள். நீர்த்தேக்கம் கட்டினப்போ முங்கிப் போயிருமுன்னு ஒவ்வொரு கல்லா கழட்டி இங்க மேட்டுல திரும்பக் கட்டினாங்க." கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மகளுக்கு... மெயின் ரோட்டு வீட்டுல இருக்க ஏலுமா? லொறிச் சத்தம் கொஞ்சம் கேக்கும்."

"தெரியல அங்கிள்."

"யட்டவத்த ஸ்கூலுக்குத்தானே படிச்சுக் குடுக்கப் போறீங்க? காலையில நானே கொண்டுபோய் விடுவேன். உங்களுக்குன்னு ஒரு ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கேன். அலுமாரி புதுசு. உள்பக்கம் தாழ்ப்பாளும் இருக்கு. கேக்காம ஒருத்தரும் உள்ளுக்கு வரமாட்டோம்."

ஷிரானிக்குத் தலை சுற்றியது. கல்யாணம் கட்டி வருகிற மருமகளுக்கு ஒருத்தரும் வராத தனி அறையா? மகனுக்கு ஏதும் கோளாறா? அது போகட்டும், பெண்ணைக் கேள்வி கேட்க வேண்டிய மனிதர், இன்டர்வியூவுக்கு வந்தவர் மாதிரி இப்படி வியர்த்துக்கொண்டு நிற்பானேன்?

சரணாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். குளத்து நடுவே பட்டுப்போன மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. தாமரை இலைகளின் மேல் இலைக்கோழி ஒன்று அலுங்காமல் நடந்து போனது. அதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை. நோபர்ட் பைனாகுலரைத் தலைமாற்றிப் பிடித்தபடி, "அருமையா தெரியுது மகள்" என்றார்.

அம்மா ஷிரானியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள்.

"என்ன, ஆளுங்க எப்படி? உனக்குப் பிடிச்சிருக்கா?"

"எனக்கு ஒண்ணுமே விளங்கலம்மா. இவங்க ரெண்டு பேரும் சரியான ஆளுங்கதானா?"

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "பிடிக்கலன்னா சொல்லிரு. இத்தோட விட்டுருவோம். நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

சொல்லும்போதே அவள் கண் கலங்கியது. ஷிரானி இன்னும் குழம்பினாள். ஒவ்வொரு வரனுக்கும் வீட்டையே இரண்டாக்கிச் சண்டை பிடிக்கிற அம்மா, இந்த ஒருவனுக்கு மட்டும் ஏன் இப்படி உடைந்து போகிறாள்?

இனிப் பொறுக்க முடியாது. பார்வைக் கோபுரத்தின் கீழே தனியாக நின்றுகொண்டிருந்த ஷியாமிடம் நேராகப் போனாள்.

"ஷியாம், மனசுல வச்சுக்காதீங்க. உங்க மேல ஒரு குறையும் இல்ல. ஆனா எனக்கு இந்தக் கல்யாணத்துல விருப்பம் இல்ல. அம்மாவ விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன்."

அவன் திகைத்துப்போனான்.

"என்னங்க சொல்றீங்க? எனக்குக் கல்யாணம் முடிஞ்சுது. வைஃப் மாசமா இருக்கா. வாந்தி, அதான் வேன்ல கூட்டிட்டு வரல்ல."

இப்போது திகைப்பது ஷிரானியின் முறை.

"அப்ப நீங்க யாரைத்தான் பொண்ணு பார்க்க வந்தீங்க?"

மெல்ல ஷியாமின் முகத்தில் சிரிப்புப் பரவியது.

"ஐயோ, அன்ட்டி உங்ககிட்ட இன்னும் சொல்லலயா தங்கச்சி? பொண்ண அப்பாவுக்கு எப்பவோ பிடிச்சிருச்சு. தன்னோட மகள் சம்மதிச்சாத்தான் மோதிரம் மாத்துறதுன்னு பொண்ணு சொல்லிருச்சாம்."

குளக்கட்டில் அம்மாவுக்குக் குடை பிடித்தபடி நின்ற மாப்பிள்ளையை ஷிரானி அப்போதுதான் ஏற இறங்கப் பார்த்தாள்.