மூன்றாவது குழந்தை

நான்கு மருத்துவமனைகள் ஏறி இறங்கிய பிறகு, கருக்களை நான்கு வயதுக் குழந்தைகளாகத் திரையில் பேசவைக்கும் டாக்டர் சகாயமேரியைத்தான் தேவகிக்குப் பிடித்தது.

"ஒண்ணைத் தேர்ந்தெடுக்கற வரைக்கும் எதுக்கும் பேர் வைக்காதீங்கம்மா," என்றார் டாக்டர்.

திரையில் தேவகியின் ஐந்து கருக்களும் ஐந்து குழந்தைகளாக நின்றன. கன்னத்தில் குழிவிழச் சிரித்த மூன்றாவதைப் பார்த்ததும் தேவகி தன்னை மறந்து, "குயிலி!" என்றாள். அதற்கு இதயம் பலவீனம் என்று தெரிந்ததால், ஐந்தாவதைச் சுமந்து பெற்றாள்.

பெயர் சூட்டும் அன்று காலை டாக்டர் கைபேசியில் கூப்பிட்டார். "மத்ததையெல்லாம் அழிச்சாச்சும்மா. மூணாவது மட்டும் திரையை விட்டுப் போகமாட்டேங்குது. அன்னிக்கு ஏதாச்சும் பேர் சொன்னீங்களா?"

"இல்லையே டாக்டர்."

நல்ல நேரம் போகிறதென்று எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். தேவகி அழைப்பைத் துண்டிக்காமல் கைபேசியை அப்படியே தொட்டிலில் வைத்துவிட்டுக் குனிந்து, குழந்தையின் காதில் "குயிலி" என்று மூன்று முறை சொன்னாள்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

கைபேசியிலிருந்து மூன்று முறையும் பதில் வந்தது: "என்னம்மா?"