அரை கிலோமீட்டர்

"ராஜாங்கண்ணே, வேனை ஓட்டினீங்களா, இல்ல உரல்ல போட்டு இடிச்சீங்களா?"

மதிவாணன் போட்ட சத்தத்தில் பட்டுக்கோட்டை ஷெட்டே திரும்பிப் பார்த்தது.

வேன் முதலாளி அவர். ரெண்டு பழைய வேனையும் தள்ளிவிட்டு, ஆபரேஷன் முடிந்தவர்களை அலுங்காமல் வீடு சேர்க்கப் புது வேன் ஒன்று எடுத்திருந்தார். வண்டி ஒன்று, டிரைவர் ரெண்டு. ஒருத்தர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

யாரை வைத்துக்கொள்வது? அதற்குத்தான் இன்ஜினியர் சுடர்விழி வந்திருந்தாள். சீட்டில் ஆளுக்குப் பதில் மணல் மூட்டை. அதன் அடியில் அதிர்வையும் வண்டி போகும் தடத்தையும் பதியும் சின்னப் பெட்டி. பேராவூரணி போய்த் திரும்ப வேண்டும். கூட யாரும் ஏறக் கூடாது.

காலையில் இனியவன் ஓட்டினான். இளவட்டம். மதியம் இராஜாங்கம். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஐம்பத்தாறு வயசுக்கு வேறு யாரும் ஸ்டியரிங் தர மாட்டார்கள்.

சுடர்விழி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்.

"வழி பூரா நீங்கதான் நல்லா ஓட்டியிருக்கீங்க, ஐயா. இந்த ஒரு இடத்துலதான் கோடு தென்னைமரம் கணக்கா நிக்குது. தார் ரோட்டை விட்டு இறங்கி, அரை கிலோமீட்டர் வாய்க்கால் கரையில ஓட்டியிருக்கீங்க. ஏன்?"



"போன மாசம் போட்ட ரோடுய்யா அது! தூங்கிட்டீங்களா?" என்றார் மதிவாணன்.

"இல்லீங்க."

"தண்ணி கிண்ணி..."

"முதலாளி! அந்தப் பேச்சு வேணாங்க."

"அப்ப காரணத்தைச் சொல்லுங்க. வயித்துல தையலோட ஒருத்தர் படுத்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"ஆள் இருந்தா இறக்கியிருக்க மாட்டேங்க. இருந்தது மூட்டைதானே."

"பரீட்சையே அந்த மூட்டையை வச்சுத்தானேய்யா!"

இராஜாங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மதிவாணன் சாவியை இனியவனிடம் நீட்டினார்.

"இந்தாப்பா. நாளையிலேர்ந்து நீதான்."

இனியவன் கை நீளவில்லை. லேப்டாப்பில் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"என்னப்பா, வாங்கு."

"அது எங்க தெரு, முதலாளி. நான் ஓட்டுறப்ப ரோடு காலியா இருந்துச்சு. அப்புறந்தான் என் பொண்டாட்டி, மழையில நனைஞ்ச நெல்லை ரோட்டை அடைச்சுக் காயப்போட்டா. போன்ல சொன்னா. அண்ணன் அது மேல வண்டிய ஏத்தல."

இராஜாங்கத்தின் பக்கம் திரும்பினான்.

"யாரு வீட்டு நெல்லுன்னு அண்ணனுக்கு நல்லாவே தெரியும்."