ரீகன் எடுத்துவைத்த நகல்

மறுநாள் திரையிடல். முத்தரசியின் மேக் மடிக்கணினியின் உள் டிஸ்க் செத்துப்போனது. உப்பளத்துப் பெண்களைப் பற்றி அவளும் ரீகனும் சேர்ந்து எடுத்த படம் அதில்தான் இருந்தது. படம் முடிந்த அன்றே, இதெல்லாம் எதற்கென்று அவள் சிரிக்கச் சிரிக்க, கணினி முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்துக் கொடுத்திருந்தான் ரீகன். பிறகு சண்டை, பேச்சே இல்லை.

அந்த ஹார்ட் டிஸ்க்கைச் செருகியும், நகலிலிருந்து கணினி இயங்கவில்லை. வெட்கத்தை விட்டு அவனையே அழைத்தாள்.

"ஆப்ஷன் கீயை அழுத்திக்கிட்டே ஆன் பண்ணு. எந்த டிஸ்க்குலேருந்து ஓடணும்னு கேக்கும்."

"டிஸ்க்கே காட்டல."

"கேபிளை மாத்து."

மாற்றினாள். கணினி விழித்ததும் படத்தைத் திறந்தாள். திரையில் உப்புக் குவியல்கள் வெளுத்து விரிந்தன.

"வந்துருச்சா?"

"நாளைக்கு நீயும் வா, ரீகன்."

"எத்தனை மணிக்கு?"