மேலிடத்துக் குரல்

“போன் வராம நான் எப்படி தீர்ப்பு சொல்றது?”

நீதிபதி லுபோமிர் கரண்டியைக் கீழே வைத்தார். பீன்ஸ் சூப் ஆறிக்கொண்டிருந்தது. எதிரே அவர் மனைவி நெவேனா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

“இனிமே போன் வராதுங்க. கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி போயாச்சு. நீதிபதி தானா முடிவெடுக்கணும்னு புது அரசியல் சட்டத்துலயே எழுதியிருக்காங்களாம்.”

“எழுதினவனுக்கு என்ன? அவனா வந்து என் நாற்காலியில உட்காரப் போறான்?”

பல்கேரியாவில் அந்தக் காலத்து வழக்கம் அது. தீர்ப்பு நாளன்று மேலிடத்திலிருந்து போன் வரும். நீதிபதி எழுந்து நின்று கேட்பார். கேட்டதையே தீர்ப்பாக வாசிப்பார். எங்கள் ஊரில் ஜனநாயகம் வந்ததும் போன் நின்றது. கூடவே தீர்ப்பும் நின்றது. லுபோமிர் எல்லா வழக்கையும் ஒத்திவைத்துவிட்டு, போனை மட்டும் தினமும் துடைத்து வைத்தார்.

இன்று ஸ்லாவ்காவின் ரொட்டிக்கடை வழக்கு. அவள் அப்பாவிடமிருந்து பழைய அரசு பிடுங்கிய கடை. திருப்பித் தாருங்கள் என்கிறாள். புது மேயரோ, தன் மச்சானுக்கு வேண்டும் என்கிறார். இன்றும் ஒத்திவைத்தால் சாவி மச்சான் கைக்குப் போய்விடும்.

“சட்டம் யார் பக்கம்?” என்றாள் நெவேனா.

“ஸ்லாவ்கா பக்கம்தான். ஆனா நேத்து மேயர் என் அறைக்கே வந்துட்டார். ‘இப்பல்லாம் நீதிபதிக்குப் போன் பண்றது தப்பாமே, அதான் நேர்லயே வந்தேன்’கிறார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“காபி சாப்பிடறீங்களான்னு கேட்டேன்.”

“நல்ல முதுகெலும்பு.”

“கிண்டல் பண்ணாதே. பழைய மேலிடத்து ஆள் எவ்வளவு தங்கமான மனுஷன் தெரியுமா? கரகரன்னு குரல். நாலே வார்த்தை. ஒரு நாள்கூட அநியாயமா சொன்னதில்ல.”

“அப்போ அந்தத் தங்கம் போன் பண்ற வரைக்கும் ஸ்லாவ்கா நடுத்தெருவுல நிக்கட்டும்,” என்று தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள் நெவேனா.

மாலையில் நீதிமன்றம் நிரம்பியிருந்தது. மேயரும் மச்சானும் முன்வரிசையில், மச்சான் புதுச் சூட்டில். ஸ்லாவ்கா கையில் ஒட்டிய மாவோடு கடைசி வரிசையில். உள்ளறையில் லுபோமிர் அங்கியை மாட்டிக்கொண்டு பேனாவைத் திறந்தார். பேனா மேயர் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

எழுந்து நின்று எடுத்தார்.

“சட்டப்படி தீர்ப்பு சொல்லு,” என்றது கரகரத்த குரல். “மேயர் முறைச்சா நான் பார்த்துக்கறேன்.”

“உத்தரவு ஐயா. நீங்க... இன்னும் இருக்கீங்களா?”

“வேற எங்க போவேன்?”

அன்றைக்கு லுபோமிர் வாசித்த வாசிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கடை ஸ்லாவ்காவுக்கு. குறுக்கே பேசிய மச்சானுக்கு அபராதம். முறைத்துப் பார்த்த மேயரை அவர் திருப்பி முறைத்தார். மேயர் தொப்பியை மறந்துவிட்டு வெளியேறினார். தலைநகர் சோபியாவிலிருந்து வந்திருந்த பத்திரிகைக்காரர், ‘யாருக்கும் கட்டுப்படாத நீதிபதி’ என்று அங்கேயே தலைப்பு எழுதிக்கொண்டார்.

ஸ்லாவ்கா அழுதுகொண்டே எல்லோருக்கும் நாளைக்கு ரொட்டி இலவசம் என்றாள். ஊரே கைதட்டியது. அந்தச் சத்தம் சதுக்கத்தைத் தாண்டி எதிரே இருந்த தபால் நிலையம்வரை கேட்டது.

அங்கே போன் கூண்டைத் திறந்து எட்டிப் பார்த்தாள் தபால்காரி பென்கா.

“முன்னெல்லாம் ஒவ்வொரு தீர்ப்புக்கும் வந்து போன் பண்ணுவீங்க. ஜனநாயகம் வந்ததுலேர்ந்து ஆளையே காணோமேக்கா?”

ரிசீவரில் சுற்றியிருந்த கம்பளி மப்ளரை நிதானமாக அவிழ்த்தாள் நெவேனா.

“இனிமேலாவது மனுஷன் தானா முடிவெடுப்பார்னு விட்டுப் பார்த்தேன்டி.”